வாய் திறக்காத மிஸ்

"மாப்பிள்ள வீட்டு வேன் வளைவுல சேத்துல புதைஞ்சு நிக்குதாம்," மீனம்மா அடுப்படிக்கு வந்து மகளின் காதில் சொன்னாள். "நீ ஒண்ணும் பண்ணாத. வாய மூடிக்கிட்டு இரு."

சர்மிளா வாயை மூடிக்கொண்டாள். மலையகத்து வட்டவளைக்குக் கீழே ஆற்றின் குறுக்கே கட்டப்படும் பாலத்துக்கு அவள்தான் திட்ட முகாமையாளர். கம்பி, சிமெந்து, ஆட்கள், அடைமழை எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பவள். அதுதான் வீட்டில் வினையாகிவிட்டது. இதுவரை வந்த வரன்கள், "பொண்ணு ஆம்பளைங்கள அதட்டி வேல வாங்குதாமே" என்று வந்த வழியே போய்விட்டன.

அப்போதெல்லாம் சர்மிளா கவலைப்படவில்லை. இந்த முறை பட்டாள். மதுரன் என்ற அந்த ஹட்டன் வாத்தியாரை ஒரு தடவை திருவிழாவில் பார்த்திருந்தாள். கைநழுவி உருண்ட தேங்காயைத் துரத்திக்கொண்டு ஓடி, தன்னைப் பார்த்துத் தானே சிரித்தவன். அவளுக்கு அவனை உண்மையிலேயே பிடித்திருந்தது. அதனால்தான் ஹெல்மெட்டையும் பூட்ஸையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் டீ கொடுக்கச் சம்மதித்திருந்தாள்.

ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் மழையில் நனையலாமா? சேலை மடிப்பிலிருந்த போனை எடுத்து ஓவர்சியர் அழகுமுத்துவிடம் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, லயத்து வளைவுல ஒரு வேன் நிக்குது. ரெண்டு பேர் வந்து தள்ளி விடுங்க. சத்தம் மட்டும் கூடாது."

"ஒங்க வீட்டு நல்ல காரியம் மிஸ். ரெண்டு பேர் பத்துமா?"

சற்று நேரத்தில் மண் வெட்டும் பெக்கோ மெசின் மலையே அதிர ஏறி வந்தது. வேனைப் பக்குவமாக இழுத்து மேலே விட்டது. திரும்பும்போது, சர்மிளாவின் வீடும் சேர்ந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் தண்ணீர்க் குழாயை நசுக்கிவிட்டுப் போனது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்தார்கள். டீ போடத் தண்ணீர் இல்லை.

சர்மிளா மறுபடி போனை எடுத்தாள். பாலத்து வேலைக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர் இம்தியாஸைக் கூப்பிட்டாள். அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பாள்.

"நானா, அவசரமா ஒரு வாளி தண்ணி வேணும்."

"ஒரு வாளியா? இருங்க மிஸ், நான் பாத்துக்கிறேன்."

வாளி வரவில்லை, தண்ணீர்த் தொட்டி லொறியான பவுசரே வந்தது. இம்தியாஸையும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்று ஹோர்ன் அடித்தது. மிஸ் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று யார் சொன்னார்களோ, பின்னாலேயே மஞ்சள் ஹெல்மெட் போட்ட மொத்தக் கூட்டமும் வந்து இறங்கியது.

இளநிலை எஞ்சினியர் சுமன் ஜன்னலில் தலையை நீட்டினான். "மிஸ், எங்க ஊத்துறது?"

சர்மிளா தரையைப் பார்த்தாள்.

"யாரோ ரோட்டு வேலைக்காரங்க," என்று மீனம்மா வந்தவர்களிடம் சமாளித்தாள்.

ஒருவழியாக டீ வந்தது. சர்மிளா தட்டோடு குனிந்த தலையாக நின்றாள்.

"சமைக்கத் தெரியுமாம்மா?" மதுரனின் அம்மா கேட்டாள். சர்மிளா தலையை மட்டும் ஆட்டினாள். மதுரனின் அப்பா சின்னராசா முகத்தைச் சுளித்தபடி அவளையே பார்த்தார். வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது சர்மிளா வாசல் வழியே பார்த்தாள். ஏற்றத்தில் நிறுத்திய பவுசர் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் வேன். இரண்டுக்கும் நடுவே, முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டு இம்தியாஸ்.

அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று கெஞ்சின அம்மாவின் கண்கள். சர்மிளா தட்டைக் கீழே வைத்தாள்.

"இம்தியாஸ் நானா, போன வச்சிட்டு வெலகுங்க. சுமன், வண்டிச் சில்லுக்குக் கல்லப் போடு. அங்க இல்ல, பின்னால. இத ஏத்தத்துல நிப்பாட்டச் சொன்ன புத்திசாலி யாரு?"

குரல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. பவுசர் வேனுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பட்டுச்சேலையோடு, வெறுங்காலோடு, சேற்றில் நின்ற சர்மிளாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அழுகை வந்தது.

அழகுமுத்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. சைட்டுல மிஸ் வாயே தொறக்க மாட்டாங்க."

"ஆமாங்க, இன்னைக்குத்தான் அவங்க கொரலையே கேக்குறோம்," என்றான் சுமன்.

"பேசுவாங்கங்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்," என்றார், சற்றுமுன் அவளோடு போனில் பேசிய இம்தியாஸ்.

மஞ்சள் ஹெல்மெட்டுகள் எல்லாம் ஆமாம் என்று ஆடின. பாலத்து வேலையில்கூட அவர்கள் இத்தனை ஒற்றுமையாக நின்றதில்லை. அந்தப் பொய்யைக் கேட்டுத்தான் சர்மிளாவுக்கு அழுகை அதிகமாயிற்று. மீனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னராசா எழுந்து வாசலுக்கு வந்தார். முகச்சுளிப்பு போயிருந்தது. மீனம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் ஹட்டன் பஸ் ஓட்டுறவன்மா. வேல நடக்குற பாலத்தடிக்குள்ள ஒரு நாள் பஸ்ஸ விட்டப்ப, இந்தப் புள்ள ஏசுன ஏச்சுலதான் பின்னால எடுத்தேன். அன்னைக்கே எம்மகனுக்கு இந்தப் பொண்ணுதான்னு முடிவு பண்ணிட்டோம். இங்க வந்தா தலையக் குனிஞ்சுகிட்டு டீ குடுக்குது, வீடு மாறி வந்துட்டோமோன்னு இவ்வளவு நேரமா பயந்துக்கிட்டு இருந்தேன்."