மறுபக்கம் பார்க்காத வெள்ளிக்காசு

கிழவர் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தபோது, காசு வாங்காமல் புது வில்லையே போட்டுக் கொடுத்துவிட்டு, “பழசுதான், துடைச்சு மாட்டினேன்” என்று பொய் சொன்ன மனிதர் நம் கண்ணாடிக் கடைக்காரர். அந்தப் பொய்யைக் கேட்டு ஆண்டவனே சிரித்திருப்பான்.

ஆனாலும் அவர் ஒரு தனி இனம். புழங்காத காசு சேர்க்கும் இனம். கடையில் நீட்டினால் தீப்பெட்டிகூடத் தேறாத, சேர்ப்பவர்களுக்கென்றே அடித்த வெள்ளிக்காசைச் சிமிழுக்குள், சிமிழை வெல்வெட் பெட்டிக்குள், பெட்டியை அலமாரிக்குள், அலமாரிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் வாயைப் பொத்தியபடி தரிசிக்கும் இனம். மூச்சுப் பட்டால் கறுக்குமாம். விரல் ரேகை பட்டால் காசு செத்த மாதிரியாம். தும்மல் வந்தால் அவர் பெண்டாட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவாள்.

மகளுக்குத் தூர தேசத்தில் வேலை கிடைத்தது. அப்பா நினைவாக ஒரு காசு கேட்டாள். கொடுத்தால் தொட்டுவிடுவாள், கொடுக்காவிட்டால் பெண்ணின் முகம் வாடிப்போகும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில், அவள் பிறந்த வருஷத்தில் அடித்த, மான் உருவம் பொறித்த காசைப் பெட்டியோடு எடுத்து நீட்டினார்.

“பின்னாடி என்னப்பா இருக்கு?”

ஊரார் கண்ணுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தவர் விழித்தார். பெட்டி ஒரு பக்கத்தைத்தான் காட்டும். இருபத்து மூன்று வருஷமாக அவர் அதைத் திருப்பியதே இல்லை.

“காசோட வந்த சான்றிதழ்ல போட்டிருக்கும்மா” என்றார்.

“என்னையே திரும்பிப் பாக்காதவரு, காசைத் திருப்பியா பாக்கப் போறாரு” என்றாள் பெண்டாட்டி.

சிரிக்கிறீர்களா? நல்லது. விருந்தாளிக்கென்று வைத்த கோப்பையில் நீங்கள் என்றைக்காவது தண்ணீர் குடித்ததுண்டா? இதை எழுதுகிறவர் வீட்டிலும் பிரிக்காத கம்பளி ஒன்று இருக்கிறது. குளிரில் நடுங்குவதென்னவோ பழைய போர்வையோடுதான். எதற்கும் உங்கள் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

ரயிலடியில், வண்டி வரும் நேரத்தில், மகள் சிமிழைத் திறந்து காசை வெறுங்கையால் எடுத்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வண்டி வந்து நின்றது. அவர் மெல்லக் கையை நீட்டினார்.

“தொட்டதுதான் தொட்டே. கட்டைவிரல் ரேகை நல்லாப் பதியிற மாதிரி ஒரு அழுத்து அழுத்திட்டு, அதை என்கிட்டயே குடுத்துட்டுப் போம்மா.”