பல் டாக்டரும் ஸுக்ஸ்வாங்கும்

"நேத்துக் கேட்டேனே, ஸுக்ஸ்வாங்னா என்னம்மா?"

சாப்பாட்டு மேஜையில் பல் டாக்டர் இப்படிக் கேட்டதும் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "செஸ் வார்த்தைப்பா. எந்தக் காயை நகர்த்தினாலும் நமக்குத்தான் அடி. நகர்த்தாம இருக்கவும் முடியாது."

"அட! சொத்தைப் பல்லோட என்கிட்ட வர்றவன் கதி!"

மகள் சிரித்துவிட்டாள். டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது.

பின்னே? பதினாலு வயதுப் பெண் வீட்டில் பேசுவது மொத்தமே "ம்", "சரி", "தெரியல". அவருக்கும் பேச்சுக் கொடுக்க வராது. இருபது வருஷமாக, வாய் நிறையப் பஞ்சு வைத்திருப்பவர்களிடமே கேள்வி கேட்டுப் பழகிய மனிதர். இப்படியே வளர்ந்து ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விடுவாளே என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தார். இரண்டு மாதம் முன்பு, "செஸ்ல ஃபோர்க்னு ஏதோ போட்டிருக்கானே பேப்பர்ல?" என்று சும்மா கேட்டார். அவள் பள்ளிக்கூடத்தில் செஸ் ஆடுபவள் ஆயிற்றே. ஒரே குதிரை ஒரே சமயத்தில் இரண்டு காயை மிரட்டுவது என்று மறுநாள் பத்து நிமிஷம் விளக்கினாள். பத்து நிமிஷம்!

அன்றிலிருந்து தினம் ஒரு வார்த்தை, மறுநாள் விளக்கம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு ஒன்று போதவில்லை. செஸ் அகராதியே வாங்கிவந்து மறுநாள் மூன்று கேட்டார், அதற்கடுத்த நாள் ஆறு. "இன்னும் ரெண்டு நாள் குடுப்பா" என்று மகள் தவணை கேட்க ஆரம்பித்தாள்.

"பொண்ணைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?" என்றாள் மனைவி.

சரி, கேள்வியை விட்டு ஆட்டத்தையே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். "சனிக்கிழமை உங்க ஸ்கூல்ல போட்டியாமே? கிளினிக்கை மூடிட்டு வந்துடறேன்."

மகள் முகம் வெளுத்தது. "ஐயோ, வேணாம்பா!"

அதோடு மறுபடியும் "ம்", "சரி". டாக்டர் நொந்து போனார். அப்பாவுக்கு ஆட்டம் தெரியாது என்று வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது! ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் அகராதியை நெட்டுருப் போட்டார்.

வெள்ளிக்கிழமை கடைவாய்ப் பல்வலியோடு வந்து சாய்ந்தவர், சாட்சாத் பள்ளிக்கூடத்துச் செஸ் வாத்தியார். டாக்டர் விடுவாரா? பஞ்சைத் திணித்த கையோடு பிடித்துக்கொண்டார்.

"எப்படி சார் ஆடறா எங்க பொண்ணு?"

"ஆ... ஊ..."

"அதானே! அவ விளக்கம் சொல்லிக் கேக்கணும் நீங்க. நாளைக்கு ஜெயிப்பாளா?"

வாத்தியார் இரண்டு கையையும் பலமாக ஆட்டினார்.

"வலிக்குதா? இன்னொரு ஊசி போட்டுடலாம்."

போட்டார். பல்லை அடைத்து முடித்து, ஒருவழியாகப் பஞ்சை எடுத்தார்.

வாத்தியார் மரத்துப்போன வாயைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர், அவ செஸ்ஸை விட்டு மூணு மாசமாச்சு, சுத்தமா பிடிக்கலையாம். ஆனா தினமும் ஓடி வந்து வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் கேட்டு எழுதிட்டுப் போறா. எதுக்கும்மான்னு கேட்டா, 'எங்கப்பா இப்பதான் சார் என்கூடப் பேசவே ஆரம்பிச்சிருக்கார்'ங்கறா!"