கம்பி வழியே சிரித்த ரோவீனா

"யாரு அந்த ரோவீனா?" என்று மனைவி ஓபல் கேட்டபோது வர்ஜில் டக்கெட்டின் வாயில் பாதி சோள ரொட்டி இருந்தது.

அமரில்லோ வானொலியில் பாடும் கௌபாய் அவன். 'கம்பி வழியே சிரிச்சியே, ரோவீனா' என்ற அவன் பாட்டைத்தான் இப்போது டெக்சாஸே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

விஷயம் சின்னதுதான். மாடு ஓட்டிய காலத்தில் ஒருநாள் ரயிலடியிலிருந்து முதலாளிக்கு டெலிபோன் போட்டான். லைன் கிடைக்கும்வரை ஏதோ ஒரு மெட்டை முனகினான். ஒரே இரைச்சலுக்கு நடுவே லைன் போட்டுக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் பெண் சிரித்து, "இன்னொரு தடவை பாடுங்க" என்றாள். பேர் கேட்டான், சொன்னாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பேச்சை நம்பித்தான் மாட்டை விட்டுவிட்டுக் கிட்டாரோடு ஊருக்கு வந்தான். அந்த மெட்டுதான் இந்தப் பாட்டு. இதைப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா?

"சும்மா, எதுகைக்குப் போட்ட பேரு கண்ணு."

"எதுக்கு எதுகை? பாட்டுல அதோட சேர்ற மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லையே."

வர்ஜில் ரொட்டியை அவசரமாக விழுங்கினான். "அது... என் பழைய குதிரை."

"குதிரை கம்பி வழியா சிரிச்சுதா?"

"வேலிக் கம்பி! கனைச்சா சிரிக்கிற மாதிரிதானே இருக்கும்?"

ஓபல் அவனையே பார்த்தாள். "வர்ஜில், நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மனைவி அப்படிச் சொன்னால் எவ்வளவு ஆபத்து என்று வர்ஜிலுக்குத் தெரியும்.

"சத்தியமா குதிரைதான்!"

"அப்ப கொண்டாந்து காட்டு."

பக்கத்துப் பண்ணை ஓட்டிஸிடம் ஓடினான். அங்கே இருந்தது ஒரே ஒரு கிழட்டுப் பெண்குதிரை.

"ஒரு கண்ணு தெரியாது. ஆனா குறி தப்பாம உதைக்கும்" என்றான் ஓட்டிஸ்.

அதையே வீட்டுக்கு ஓட்டிவந்து காட்டினான். ஓபல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் ஓட்டிஸின் வாய் சும்மா இருக்கவில்லை. மறுநாள் வானொலி மேலாளர் ஹாஸ்கெல் வந்து நின்றார்.

"நிஜக் குதிரையா! ஏன்யா இத்தனை நாள் மறைச்சே? சனிக்கிழமை சந்தையில மேடை ஏத்துறோம்."

"அது கூச்ச சுபாவம் சார்."

"நீயும்தான் அப்படி வந்தே. இப்ப கூச்சம் போகலையா?"

சனிக்கிழமை ஊரே திரண்டிருந்தது. முதல் வரிசையில் ஓபலும் அவள் அக்கா மர்ட்டிலும். வர்ஜில் குதிரையின் நல்ல கண்ணைப் பார்த்து உருகிப் பாடினான். முதல் சரணத்தில் அது அவன் தொப்பியைத் தின்றது. இரண்டாவது சரணத்தில் கால்சட்டையின் பின்பக்கத்தைக் கவ்வியது. அதுவரை எட்டாத உச்சஸ்தாயியை வர்ஜில் அன்று எட்டினான்.

"முத்தம் குடு! முத்தம் குடு!" என்று கூட்டம் கத்தியது. ஹாஸ்கெல் ஓரத்தில் நின்று கண்ணால் மிரட்டினார். வேறு வழியில்லாமல் கொடுத்தான்.

ஓபல் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வெளியே போனாள்.

கிழிந்த இடத்தைக் கிட்டாரால் மறைத்தபடி அவன் வாசலுக்கு ஓடினான். ஓபலைக் காணோம். மர்ட்டில் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அக்கா, சொன்னா நம்புங்க, வேற எந்தப் பொம்பளையும் இல்ல! அவகிட்ட நீங்களாவது சொல்லுங்க!"

"அட மடையா, எங்க ஓபல் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தப்ப, அங்க ஏற்கெனவே ஒரு ஓபல் இருந்ததால இவளுக்கு வச்ச பேருதான்டா ரோவீனா!"