டிக்கியில் ஓர் உள்ளங்கை அகலம்

அடுத்தவள் நகை மேல், புடவை மேல், அவள் பிள்ளை வாங்கும் மார்க் மேல் பொறாமை வருவது சகஜம். எனக்கும் எல்லாம் வந்திருக்கிறது, குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு காரின் பானெட்டைப் பார்த்து வயிறெரிந்த பெண் மந்தைவெளியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த பானெட் என் ஓரகத்தி சுதாவுடையது. எங்கள் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனாரும் சுதாவும். வாசலில் இரண்டு கறுப்புக் கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் ஓட்டுவது நானும் சுதாவும்தான். (வீட்டு ஆண்களுக்கு ரிவர்ஸ் வராது.) ஏறக்குறைய ஒரே வயதுக் கார்கள். அவள் வண்டியில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். என் வண்டியில் வெயில் பட்டால் போதும், பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல், சிலந்தி வலை கட்டினாற்போல. இத்தனைக்கும் தினமும் காலையில் தூசியோடு தூசியாக அழுத்தித் துடைப்பவள் நான், என் கணவரின் பழைய பனியனால். (அந்தக் கீறல்களைப் போட்டதே அந்தப் பனியன்தான் என்பது பின்னால் தெரிந்தது.)

என்னதான் போடுகிறாய் என்று சுதாவிடம் ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமே போடறதில்லக்கா. தண்ணி ஊத்தித் தொடைக்கிறதோட சரி" என்றாள். படிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு முதல் ரேங்க் வாங்கும் பெண் வகுப்புக்கு ஒருத்தி இருப்பாளே, அந்த முகம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நாத்தனார் வசந்தா அண்ணி மகன் கல்யாணத்துக்கு அழைக்க ஆதம்பாக்கத்திலிருந்து வந்த அன்றுதான் பொறுமை போனது. கல்யாணம் வடபழனியில். மாப்பிள்ளை அழைப்புக்குத் தாய்மாமன் வீட்டு வண்டியில்தான் பிள்ளை உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசை. பத்திரிகை கொடுத்துவிட்டு வாசலில் இரண்டு கார்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சுதா வண்டியையே எடுத்துக்கலாம். கண்ணாடியாட்டம் இருக்கு" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, "மல்லிகா, உன் வண்டில பாத்திரமெல்லாம் ஏத்திக்கலாம்மா" என்று ஆறுதலும் சொன்னார்.

பாத்திரம். மூத்த மருமகள் நான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (ரசம் இரண்டாம் முறை வாங்கவில்லை, அவ்வளவுதான்.)

அடுத்த ஒரு வாரம் ஆபீஸ் மதிய இடைவேளை முழுவதும் பாலீஷ் வீடியோக்கள் பார்த்தேன். கீறல் இருப்பது பெயிண்டின் மேல் தோலில், அந்தத் தோலைக் கொஞ்சம் சீவி எடுத்தால் கீறல் போய்விடும் என்பது வரைக்கும் புரிந்தது. எவ்வளவு கொஞ்சம் என்று அவர்கள் சொன்னபோது எனக்கு இடைவேளை முடிந்திருக்க வேண்டும்.

ராயப்பேட்டையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனேன். நிதானமான மனிதர். என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூன்று பாட்டில் எடுத்து வைத்தார். ஒன்று பாலீஷ், மென்மையானது. ஒன்று காம்பவுண்ட், நறநறவென்று அறுப்பது. மூன்றாவது வெறும் மெழுகு. கீறலை எடுக்காது, நிரப்பி மறைக்கும், நாலு மழையில் போய்விடும். பாலீஷ் போடும் மெஷினிலும் இரண்டு ரகம் காட்டினார். ஆடிக்கொண்டே சுற்றுவது புதியவர்களுக்கு. ஒரே இடத்தில் விர்ரென்று சுற்றுவது கை பழகியவர்களுக்கு.

எது சீக்கிரம் முடியும் என்று கேட்டேன்.

"இன்னா மேடம் அவசரம்? கல்யாணமா?"

ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மெல்லிசுலேர்ந்து ஆரம்பிங்க. ஓரம், மடிப்பு எல்லாத்துலயும் டேப்பு ஒட்டிக்குங்க, அங்கதான் பெயிண்ட்டு சீக்கிரம் போவும். மொதல்ல கண்ணுல படாத எடத்துல உள்ளங்கை அகலம் போட்டுப் பாருங்க" என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு கை பழகியவர்களுக்கான மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காம்பவுண்டும் மெஷினில் மாட்டும் கம்பளி வட்டும் வாங்கினேன். பாலீஷ் பாட்டிலையும் ஸ்பாஞ்சு வட்டையும் பாய்தான் பிடிவாதமாகப் பையில் போட்டார். டேப் வாங்கவில்லை.

சனிக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்க எல்லோரும் தி. நகருக்கு ஆட்டோவில் போனார்கள். (தி. நகருக்கு யாராவது காரில் போவார்களா?) தலைவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். கேட் சாத்தியதும் மெஷினை வெளியே எடுத்தேன். உள்ளங்கை அகலம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் பாய். நியாயமான யோசனை. ஆனால் அதை என் வண்டியில் ஏன் போட்டுப் பார்க்க வேண்டும்?

எழுதவே வெட்கமாக இருக்கிறது. சுதா காரின் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். டிக்கியின் வலது கீழ் மூலை. கெட்டால் அவளுடையது கெடட்டும் என்றா நினைத்தேன்? ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். ஸ்பாஞ்சு, மென்மையான பாலீஷ், பயந்து பயந்து நகர்ந்த கை. துடைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் என் மூக்குத்தி தெரிந்தது. அதைவிட முக்கியம், சுற்றியிருந்த இடம் எல்லாம் மங்கிப்போனது. உற்றுப் பார்த்தேன். அங்கேயும் வட்டக் கீறல்கள். மெழுகைப் பூசி மறைத்திருக்கிறாள். தண்ணீர் ஊற்றித் துடைக்கிறாளாம்.

அந்த நிமிடம் பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பட்டதில்லை.

அதே பாலீஷை என் வண்டிக்கும் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மென்மையானதற்கே இப்படி என்றால் காம்பவுண்டுக்கு எப்படி வரும் என்று புத்தி போனது. கம்பளி வட்டை மாட்டி, தோசைக்கு எண்ணெய் விடுவது போலக் காம்பவுண்டை விட்டு, பட்டனை அழுத்தினேன். மெஷின் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. வெள்ளைக் குழம்பு கண்ணாடியில், காம்பவுண்டுச் சுவரில், என் தலையில் எல்லாம் தெறித்தது. பானெட்டின் நடுப்பகுதி நன்றாகத்தான் வந்தது. ஓரத்தில் நீளவாக்கில் ஒரு மடிப்பு உண்டு. அதில் ஒரு கீறல் மட்டும் போக மறுத்தது. மெஷினை அதன் மேல் அழுத்தி, சுதாவை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கருகும் வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக ஒரு கோடு. காம்பவுண்ட் காய்ந்துவிட்டது என்று துடைத்தேன். போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். பிறகுதான் உறைத்தது, அது மேலே ஒட்டிய வெள்ளை அல்ல, அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளை. முழ நீளத்துக்குப் பெயிண்ட் போயே போய்விட்டது.

அவர்கள் வந்து இறங்கியபோது அப்படியே நின்றுகொண்டிருந்தேன். வசந்தா அண்ணி முதலில் என் தலையைப் பார்த்தார், பிறகு பானெட்டை. என் கணவர், "தலைவலி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். நிஜமாகவே வருத்தப்பட்டவள் சுதா ஒருத்திதான். பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று தேற்றினாள். அண்ணியை வீட்டில் விட வேண்டியிருந்ததால், புடவைப் பைகளை வைக்கத் தன் டிக்கிப் பக்கம் போனாள். போனவள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"அக்கா, இந்த எடத்துல மட்டும் எப்படி இவ்ளோ பளபளன்னு இருக்கு?"

மெஷின் என் கையில் இருந்தது. பாலீஷ் பாட்டில் அவள் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது. எந்தப் பொய்யும் கைவசம் இல்லாத நேரத்தில் வாய் தானாகப் பேசியது.

"பூனை நக்கியிருக்கும்."

சுதா அந்த மூலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அண்ணி மெல்லக் கேட்டார், "பூனை நக்கினா இவ்ளோ சுத்தமா வருமா?"

"நல்லா நக்கினா வரும்" என்றேன்.

முதலில் சிரித்தது சுதாதான். கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெழுகு விஷயத்தையும் அன்றே ஒப்புக்கொண்டாள். நாங்கள் வெளியே போகும் நேரம் பார்த்துப் பூசுவாளாம். அந்த மூலையைப் பார்த்த கண்ணுக்கு மிச்ச வண்டி மங்கலாகப் பட்டதால் அண்ணி மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வைத்துவிட்டார். எங்கள் வண்டிகள் இரண்டும் பாத்திரம் ஏற்றிக்கொண்டு பின்னால் போயின.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது பளிச்சென்று இருந்தாலும் பூனைக்குத்தான் பெயர். குத்துவிளக்கு மின்னினால், "பூனை வந்துச்சா?" என்பார் அண்ணி. ஆயுத பூஜைக்கு நான் வண்டி கழுவும்போது சுதா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, வேலை முடிந்ததும் பூனையை மேலே அனுப்பச் சொல்வாள். அவள் டிக்கியின் மூலை இன்றும் மின்னுகிறது. சிக்னலில் அவளுக்குப் பின்னால் நிற்கும்போதெல்லாம் பார்க்கிறேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகப் போட்ட ஒரே பாலீஷ் அதுதான். பாராட்டெல்லாம் பூனைக்கு. சுதா மேல் இப்போது எனக்குப் பொறாமை இல்லை. அந்தப் பூனை மேல்தான்.