ஓடச் சொல்லும் விளம்பரத்தில் உட்கார்ந்துவிட்ட பேத்தி

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மகன், உங்கள் மகள், நம் பேத்தி எல்லோரும் சுகம் என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறோம். அங்கு உங்கள் இடுப்பு வலியும் சம்பந்தி ஐயாவின் முன்கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் அந்த ஐந்திலும் முதலாவதாக நின்றவள். ஆகையால் பிழை ஏதும் கண்ணில் பட்டால் பழியைப் பேனாவின் மேல் போட்டுவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பேத்தியைத் தெருவே பம்பரம் என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். தரையில் கால் பாவி அவள் நடந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஓடி ஆடி விளையாட வேண்டும், எந்நேரமும் டிவி முன்னால் உட்காரக் கூடாது என்று ஊருக்குச் சொல்ல ஒரு விளம்பரம் எடுக்கிறார்களாம், அதற்கு ஒரு சுறுசுறுப்பான பிள்ளை வேண்டுமாம், ஆள் தேடித் தெருத் தெருவாக வந்தார்கள். எங்கள் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி வந்த பம்பரம் நேராக டைரக்டரின் வயிற்றில் போய் மோதினாள். அவர் கீழே விழுந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வயிற்றைத் தடவியபடியே, "இந்தப் பொண்ணு போதும்" என்றார். எல்லாம் வம்சத்துச் சுறுசுறுப்பு. எந்தப் பக்கத்து வம்சம் என்று நான் சொல்லவில்லை, நீங்கள் விவரம் தெரிந்தவர்கள்.

படம் எடுத்த அன்று அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள், காலையிலிருந்து உட்கார்ந்துகொண்டே இருந்தாள். எழுந்தால் தலை கலைந்துவிடுமாம், ஓடினால் பவுடர் கரைந்துவிடுமாம். "ஆடாம இருடா செல்லம், வேர்த்துடும்" என்று மேக்கப் போடுகிற பெண் நிமிஷத்துக்கு ஒரு தரம் கெஞ்சினாள். கடைசியில் கேமராவைத் திருப்பியதும் டைரக்டர், "எங்க வேர்வை? ஓடி வந்த பிள்ளை மாதிரியே இல்லையே" என்றார். அந்தப் பெண் ஒரு குப்பியை எடுத்து முகத்தில் புஸ் புஸ்ஸென்று தண்ணீர் அடித்தாள். "கொஞ்சம் ஓடவிட்டா தானா வேர்த்துட்டுப் போகுது தம்பி" என்றேன். "அந்த வேர்வை படத்துல எடுபடாதும்மா" என்றார். பிறகு அவள் முழங்காலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். விழுந்து வாரின சிராய்ப்பும் காய்ந்த பொருக்கும் இருந்தன. ஓடுகிற பிள்ளைக்கு முழங்கால் வேறு எப்படி இருக்கும் என்று கேட்டேன். கால் காட்டுவதற்கென்று வேறொரு பிள்ளையைக் காரில் வரவழைத்தார்கள். கால் என்றால் கால், கடைந்தெடுத்த மாதிரி, ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்கு ஓடத்தான் தெரியவில்லை, ஆளைக் கையைப் பிடித்து இழுத்து ஓடவைத்தார்கள். ஆக, முகம் நம்முடையது, கால் யாருடையதோ. இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நாத்தனார் காதுக்குப் போக வேண்டாம்.

விளம்பரம் வந்தது. "உட்காராதே கண்ணே, ஓடி வா முன்னே" என்று பாட்டு, நம் பிள்ளை முகம் டிவி முழுக்க. ஆனால் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கார்ட்டூனுக்கு நடுவில் வரும் என்று மட்டும் சொன்னார்கள். கார்ட்டூனோ விடியற்காலையிலிருந்து ஓடுகிறது. ஆகையால் ஸ்கூல் விட்டு வந்ததும் பம்பரம் உட்கார்ந்துவிடுவாள். அவளைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து வாசல் நிறையச் செருப்பை விட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடும். ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருப்பதில்லை, போன நேரம் பார்த்து வந்துவிட்டால் என்ன செய்வது. எதிர் வீட்டுத் தையல்காரர் ஒரு நாள் தலையை நீட்டி, "என்ன பெரியம்மா, தெருவுல ஒரு பிள்ளையையும் காணோம், பரீட்சையா?" என்றார். "இல்லப்பா, ஓடி விளையாடச் சொல்ற விளம்பரம் பார்க்குதுங்க" என்றேன். அவர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு உள்ளே வந்து, தானும் உட்கார்ந்துவிட்டார். வந்த பிள்ளைகள் வெறும் வயிற்றோடு இருக்கலாமா என்று நான் பிஸ்கட்டும் வறுவலுமாகத் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தேன். ஸ்கிப்பிங் கயிற்றில் இப்போது துணி காய்கிறது.

உங்கள் மாப்பிள்ளை இருக்கிறானே, அவனுக்குப் பெருமை என்றால் என்னவென்று தெரியாது. "அம்மா, அதை அணைச்சுட்டு அவளை வெளிய விடேன்" என்றான். "எதுக்கு, விழுந்து மூஞ்சியைப் பேத்துக்கவா? அந்த மூஞ்சி இப்ப நம்ம மூஞ்சி இல்லடா, ஊர் மூஞ்சி" என்றேன். உங்கள் மகள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். உங்கள் வளர்ப்பு நல்ல வளர்ப்பு, அதை எங்கும் சொல்வேன்.

இப்படி இருக்கையில் ஸ்கூலில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். விளம்பரத்தில் வந்த பெண் என்று பெரிய டீச்சர் நம் பம்பரத்தையே முன்னால் நிறுத்தினார். நானும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தேன். மைதானத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு அவள் படத்தை ஒட்டியிருந்தார்கள். விசில் அடித்தார்கள், ஓடினாள். அந்தச் சுவர் வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. தன் படத்துக்கு அடியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் "உட்காராதே கண்ணே". பிள்ளைகள் சிரித்தன. டீச்சரும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதாள் பாருங்கள், அப்படி ஒரு அழுகை. "அது என் காலே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு பாட்டி" என்றாள். வாயைப் பொத்தினேன். கையை விலக்கிவிட்டு, "அந்தப் பாட்டி ஊர்ல என் படம் ஒட்டியிருக்கா?" என்று கேட்டாள். இருக்காது என்றேன். "அப்ப என்னை அங்க கொண்டுபோய் விடு. அங்க நான் விழுந்தா விழுந்ததுதான், யாரும் மூஞ்சியைப் பார்க்க மாட்டாங்க" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் இதுவரை என் வாயால் கேட்காததைக் கேட்கிறேன். லீவு விட்டதும் நீங்களே வந்து பிள்ளையை அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வெட்டவெளியில் அவிழ்த்துவிடுங்கள். மரம் ஏறட்டும், மண்ணில் புரளட்டும், முழங்கால் போனால் போகட்டும். நான் தோற்றுப்போனதாக உங்கள் வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் போதும்.

நீங்களும் சம்பந்தி ஐயாவும் பல்லும் பார்வையும் குறையாமல், பேத்தியின் பிள்ளைகளையும் மடியில் வைத்துக் கொஞ்சும்படி நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் சொந்தப் பாட்டி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். உறையை ஒட்டுகிற நேரத்தில் டைரக்டர் தம்பி மறுபடியும் தெருத் தெருவாக ஆள் தேடி வந்து நின்றார். விளம்பரம் போட்டதிலிருந்து பிள்ளைகள் முன்னைவிட அதிகமாக டிவி பார்க்கிறார்களாம், காரணம் பிடிபடவில்லையாம், அதனால் இன்னொரு விளம்பரம் எடுக்கிறார்களாம். இந்தத் தடவை ஒரு சோம்பேறிப் பிள்ளையைக் காட்டிப் பயமுறுத்தப் போகிறார்கள். வறுவல் தின்று கன்னம் உப்பி சோபாவில் கிடந்த நம் பம்பரத்தைப் பார்த்தார். "ஆகா, நடிக்கவே வேண்டாம், இப்படியே இருந்தா போதும்" என்றார். போன தடவை எடுத்ததும் இதே பிள்ளைதான் என்று அவருக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குள் பம்பரம் எழுந்து வாசலுக்கு ஓடப் பார்த்தாள். "ஓடாதடி, விழுந்துடுவ, இங்க வந்து உட்காரு" என்றேன். டைரக்டர் அப்படியே நின்று, "அம்மா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். பிள்ளையைக் கெடுக்கிற பாட்டி வேஷத்துக்கு எத்தனையோ நடிகைகளைப் பார்த்தும் சரிவரவில்லையாம். ஆகையால் லீவுக்கு வர வேண்டாம், அங்கே ஓடி ஆடி அவள் இளைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் வாய்ப்பு போய்விடும். பம்பரம் இப்போது என் பக்கத்தில்தான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பாட்டி என்னை எப்ப வந்து பார்ப்பாங்க என்று கேட்கிறாள். டிவியில பார்ப்பாங்க என்று சொல்லிவிட்டேன்.