ஆகாசம் பார்க்கும் சில்லு

கொடிகாமத்துத் தேங்காய்ச் சந்தையில் சனிக்கிழமைகளில் தேங்காயைவிடச் சைக்கிள் சில்லுகள், அதாவது சக்கரங்கள், அதிகமாகத் தென்படத் தொடங்கின. சனம் சில்லும் கையுமாக பஸ்ஸால் இறங்கியது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்து வந்தவர்களும் உண்டு. ஒரு அம்மா தன் சில்லுக்கு விபூதிகூடப் பூசியிருந்தார். எல்லோரும் போனது சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வீற்றிருந்த சில்லுச் சித்தரிடம்.

சித்தரின் சொந்தப் பெயர் ஆழ்வாப்பிள்ளை. முன்பு தொலைபேசி இலக்கங்களுக்கு அதிர்ஷ்டம் பார்த்தார். அதில் ஆள் குறைந்ததும் ஓட்டோ இலக்கத் தகடுகளுக்குப் பார்த்தார். பெற்றோல் விலை ஏறிச் சனம் சைக்கிளில் ஏறியதும் அவருடைய ஞானமும் சைக்கிளில் ஏறிக்கொண்டது. ஆளில்லாத பக்கம் ஞானத்துக்கு என்ன வேலை?

அவருடைய சாத்திரம் சுருக்கமானது. கொண்டுவந்த சில்லைக் கவைத்தடியில் மாட்டிச் சுற்றிவிடுவார். அது நிற்கும்போது காற்றடிக்கும் வால்வு கீழே நின்றால் சில்லு பாதாளம் பார்க்கிறது; ஓடுபவருக்குக் கண்டம். மேலே நின்றால் ஆகாசம் பார்க்கிறது, நூறு வயது. சனம் கொண்டுவந்த சில்லுகள் எல்லாம் பாதாளம் பார்த்தன. சித்தர் விற்ற சில்லுகள் எல்லாம் ஆகாசம் பார்த்தன. இந்த ஒற்றுமை யாருக்கும் உறுத்தவில்லை. தேனுஜனுக்கும்தான்.

தேனுஜன் யாழ்ப்பாணத்தில் ஒரு நில அளவையாளரிடம் படம் கீறுபவன். கோடு அரை மில்லிமீற்றர் பிசகினால் சோறு இறங்காது. தெல்லிப்பழையிலிருந்து வேலைக்குப் போய்வர, சுவிஸிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் விட்டுப்போன சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். அது ஒரு தனிப்பிறவி. சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும்; காலைச் சும்மா வைத்திருக்க விடாது. பிறேக்கும் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தித்தான் வேகத்தை அடக்க வேண்டும். ஏற்ற இறக்கமில்லாத அந்த வீதிக்கு நல்ல தோதான சைக்கிள். ஒருநாள் மதகடியில் தார் பெயர்ந்த கிடங்கு ஒன்றில் இறங்கியதில் பின்சில்லு அப்பளமாக நெளிந்தது.

பட்டணத்தில் சைக்கிள் திருத்தும் கிறகோரி பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, முப்பத்தாறு கம்பிச் சில்லு போடுங்கோ. ரயர் கொஞ்சம் அகலமாய் இருக்கட்டும், கிடங்கைத் தாங்கும். உங்கடை சைக்கிளுக்கு நடுக்குடத்திலை பூட்டு வளையம் முறுக்கிற மரை கட்டாயம் வேணும். புதுசு சரியான விலை. பழசிலை ஒண்டு தேடித் தாறன். பத்து நாள் பொறுங்கோ.”

இதில் ராசி இல்லை, நட்சத்திரம் இல்லை. இவ்வளவு எளிமையான சொல்லை நம்பத் தேனுஜனுக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்குச் சித்தரின் வீடியோவைக் கைத்தொலைபேசியில் ஆறு தடவை பார்த்திருந்தான். அடுத்த சனிக்கிழமை நெளிந்த சில்லோடு கொடிகாமத்தில் நின்றான்.

“என்ன நட்சத்திரம்?” என்றார் சித்தர்.

“ஆயிலியம்.”

“நினைச்சன்.” எந்த நட்சத்திரம் சொன்னாலும் அவர் நினைத்திருப்பார்.

சில்லு சுழன்றது. வால்வு கீழே வந்து நின்றது. மூன்று தரமும் அப்படியே. “முருகா!” என்றது கூட்டம். சித்தர் சிவப்பு நூல் கட்டிய சில்லொன்றை எடுத்து மாட்டினார். வால்வு ஆடி அசைந்து உச்சியில் போய் நின்றது. தேனுஜனுக்குக் கண் கலங்கியது. அரைச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி வந்து, பழைய சில்லிலிருந்த சங்கிலிப் பல்லுச்சில்லைக் கழற்றி அதில் தானே பூட்டினான்.

வீட்டில் மனைவி நிவேதனா கதையைக் கடைசிவரை கேட்டாள். அவள் பருத்தித்துறைப் பக்கத்து வலைக்காரர் ஒருவரின் மகள். பாலர் பாடசாலை ஆசிரியை. ஒரு நாளைக்கு நூறு ‘ஏன்’ கேட்கும் பிள்ளைகளோடு இருந்து அந்தப் பழக்கம் அவளுக்கும் தொற்றியிருந்தது.

“ஏன் அவரின்ரை சில்லு மட்டும் மேலை பாக்குது?”

“மந்திரிச்சது, நிவே. உமக்கு விளங்காது.”

“சில்லு எங்கையும் பாக்கட்டும். நீங்கள் றோட்டைப் பாத்து ஓடுங்கோ.”

திங்கட்கிழமை காலை மருதனார்மடச் சந்தைக்கு முன்னால் ஒரு லொறி குறுக்கிட்டது. தேனுஜன் பெடலைப் பின்னுக்கு அழுத்தினான். கடகடவென்று பெடல் பின்னுக்குச் சுற்றியது. சைக்கிள் மட்டும் நிற்காமல் முன்னே போனது. லொறியை ஒரு சாண் இடைவெளியில் தப்பி, அடுக்கிவைத்த பூசணிக்காய்களுக்குள் புகுந்தான். முழங்காலில் தோல் இல்லை. பூசணிக்காரி பேசிய பேச்சில் மானமும் இல்லை.

கிறகோரி பின்சில்லைத் தூக்கிக் காட்டினார். “பின்னுக்கு அழுத்தினதிலை பல்லுச்சில்லு கழண்டிட்டுது. அதைக் கழலாமல் பிடிக்கிற பூட்டு வளையம் இல்லை. போடுறதுக்கு இதிலை மரையும் இல்லை. சும்மா சைக்கிளின்ரை சில்லை உங்கடை தலையிலை கட்டியிருக்கினம்.”

அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. தேனுஜன் சித்தருக்குத் தொலைபேசி எடுத்தான்.

“ஆகாசம் பாக்கிற சில்லு ஆளை விழுத்தாது, தம்பி. உங்கடை வீட்டிலை ஆரின்ரையோ நட்சத்திரம் இழுக்குது. மனிசி என்ன நட்சத்திரம்?”

“கேட்டை.”

“அதுதானே பாத்தன்! சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ. பரிகாரம் செய்வம்.”

தேனுஜன் தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். ஒரு கணம்தான். முழங்காலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தவளை, ‘ஒருவேளை இவளாலைதானோ?’ என்று பார்த்தான். அந்தப் பார்வையை அவள் கண்டுவிட்டாள். கட்டின துணியைச் சற்று இறுக்கமாக முடிந்தாள்.

“சனிக்கிழமைதானே? கட்டாயம் வாறன்.”

அந்த வாரம் முழுவதும் பின்னேரங்களில் அவள் நெளிந்த சில்லையும் சித்தரின் சில்லையும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. சித்தர் நிவேதனாவைக் கண்டதும் கண்ணை மூடி, “கேட்டை!” என்றார். கூட்டம் இரண்டடி விலகியது.

“ஓம், ஐயா. பரிகாரத்துக்கு முதல் ஒரு சந்தேகம்,” என்று அவள் நெளிந்த பழைய சில்லைத் தானே கவைத்தடியில் மாட்டினாள். “இது பாதாளம் பாக்கிறதுதானே?”

“சந்தேகமென்ன! யமன்ரை வாசல்.”

அவள் வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை எடுத்து, வால்வுக்கு நேரெதிரே கம்பியில் றப்பர் பட்டியால் கட்டினாள். சுற்றிவிட்டாள். சில்லு ஓய்ந்து, ஆடி, நின்றது. திறப்புகள் கீழே, வால்வு உச்சியில். மறுபடியும் சுற்றினாள். அதே கதை.

“பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கீழை வரும். சும்மா சில்லிலை வால்வுப் பக்கம் கொஞ்சம் பாரம். அதாலை அது எப்பவும் கீழை. அவ்வளவுதான். இனி ஐயான்ரை சில்லைப் பாப்பம்.”

“அதைத் தொடாதை பிள்ளை! சக்தி போயிடும்!” என்று சித்தர் எழும்பினார்.

“சக்தி எவ்வளவு நிறையெண்டு பாக்கிறன்,” என்றபடி அவள் கொண்டுவந்த கரண்டிக் காம்பால் சிவப்பு நூல் கட்டிய சில்லின் ரயரை நெம்பினாள். வால்வுக்கு நேரெதிரே றிம்முக்குள்ளிருந்து, ஒட்டுநாடா சுற்றிய ஈயக் குண்டுகள் மூன்று சீமெந்துத் தரையில் விழுந்தன.

“இது எங்கடை அப்பா வலைக்குக் கட்டுறது. கடல் அடியிலை கிடக்கிற சாமானை வைச்சோ ஐயா ஆகாசம் காட்டினனீங்கள்?”

“அது... மந்திரிச்ச ஈயம்,” என்றார் சித்தர். அவருக்கே அது எடுபடவில்லை. கூட்டத்தில் ஒருவர் சித்தரிடம் வாங்கிய தன் சில்லின் ரயரை நெம்பினார். பிறகு இன்னொருவர். சற்று நேரத்தில் கொட்டகைக்குள் ஈய மழை. கொடுத்த காசைக் கேட்கக் கூட்டம் திரும்பியபோது, சித்தர் பின்கதவால் பஸ் தரிப்பிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். நல்ல வேகம்.

அன்று மாலையே இருவரும் கிறகோரியின் கடைக்குப் போனார்கள். மரையுள்ள பழைய நடுக்குடம், முப்பத்தாறு கம்பி, அகல ரயர், பூட்டு வளையம்; முன்னால் ஒரு பிறேக்கும் சேர்த்தார். சித்தர் வாங்கியதில் மூன்றிலொன்று கூட ஆகவில்லை.

தேனுஜன் மெல்லக் கதைத்தான். “நிவே, அண்டைக்கு உம்மை ஒரு மாதிரிப் பாத்திட்டன்...”

“முழங்கால் காயட்டும். பிறகு கதைப்பம்.”

அப்போது சில்லொன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மூச்சிரைக்க வந்தார். கொடிகாமத்திலிருந்தே பின்தொடர்ந்து வந்த இளையதம்பி என்பவர். நிவேதனாவை ஏறக்குறையக் கும்பிட்டார்.

“தங்கச்சி, என்ரை சில்லுக்கும் ஒரு திறப்புக் கட்டிவிடுங்கோ. எந்தக் கிழமை கட்டினால் நல்லது?”

தேனுஜன் சிரிக்கப் பார்த்தான். போன சனிக்கிழமை தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றவே சிரிப்பு வரவில்லை.

நிவேதனா அவருடைய சில்லை வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தாள்.

“அண்ணை, திறப்புப் பூட்டுக்குத்தான். உங்கடை மண்டையை நீங்கள்தான் திறக்கவேணும். அதுக்கு எந்தக் கிழமையும் நல்ல கிழமை.”