காலருக்கும் கழுத்துப்பட்டைக்கும் ஒரே சம்பளமா?

மதிப்பிற்குரிய பெரிய மச்சானுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை நலம், முன்னைவிடத் தெம்பாகவே இருக்கிறாள். எனக்குத்தான் முந்தாநாளிலிருந்து நிம்மதி போய்விட்டது.

நானும் அவளும் ஒரே சட்டைக் கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் காலர் தைப்பது தாங்கள் அறிந்ததே. எனக்குச் சம்பளம் கூடுதல், அவளுக்குக் குறைவு. நான் ஆம்பளை, அதை யாரும் கேட்டதில்லை. என் காலர் நுனி கோணிக்கொண்டால் பிரித்துச் சரிசெய்து தருவது அவள்தான். அது குடும்ப விஷயம், சம்பளத்தில் வராது. இப்படி இருக்கையில், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், எங்கள் மேனேஜர், மகா கெட்டிக்காரர், பலகையில் எழுதிப் போட்டார்: ஆண்கள் தைப்பது 'காலர்', பெண்கள் தைப்பது 'கழுத்துப்பட்டை'. வேலை வேறு, சம்பளம் வேறு. ஆண்கள் நாங்கள் கைதட்டினோம். உங்கள் தங்கை எழுந்தாள். அவள் தைத்ததில் ஒன்று, நான் தைத்ததில் ஒன்று, இரண்டையும் மேனேஜர் மேசையில் போட்டு, "சார், இதுல எது காலர், எது கழுத்துப்பட்டைன்னு நீங்களே சொல்லுங்க" என்றாளே பார்க்கலாம்! மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நுனி நேராக இருந்ததை எடுத்து, "இதுதான் காலர்" என்றார். அது அவளுடையது. பெண்கள் கொல்லென்று சிரித்து, மெஷின்களை நிறுத்திவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வாரத்துக்குள் திரும்பாதவளுக்கு வேலை கிடையாது என்கிறார் மேனேஜர். அவள் வேலை போனால் வாடகைக்கு நான் எங்கே போவேன்? "நமக்கெதுக்கும்மா இந்த வம்பு?" என்று கெஞ்சினேன். "நீங்க போய்க் காலர் தைங்க" என்கிறாள்! ஆகவே மச்சான், உடனே கிளம்பி வந்து நாலு வார்த்தை புத்தி சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எதிர்க்கேள்வி கேட்காமல் நல்லபடி வளர ஆசிகள்.

இப்படிக்கு,
நிலைகுலைந்து நிற்கும் தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஆர்டர் தேங்குகிறதாம், உங்கள் தங்கையின் மெஷின்தான் நன்றாக ஓடுமாம், அதில் உட்காரச் சொன்னார். மதியம்வரை தைத்தேன். அதே துணி, அதே நூல். எழுந்தால், "இந்த சீட்ல தைக்கறது கழுத்துப்பட்டைதானே? இனிமே உங்களுக்கும் அந்தச் சம்பளம்தான்" என்கிறார்! ஐயோ மச்சான், அது எவ்வளவு குறைச்சல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நான் தைச்சது காலர் சார்!" என்று கம்பெனியே அதிரக் கத்திவிட்டு, நானும் வாசற்படிக்கு வந்துவிட்டேன். புத்தி சொல்லவெல்லாம் வர வேண்டாம். வந்தால் எங்களோடு உட்கார வரவும். உங்கள் தங்கை சற்று நகர்ந்து இடம் விட்டாள். பிறகு, "இத்தனை வருஷமா நான் வாங்கற சம்பளங்க அது. உங்களுக்கு அரை நாள் தாங்கலையா?" என்று கேட்டாள்.